சிவப்பு வண்டிக்குச் சொன்ன குறைகள்

வண்டியைப் பார்த்ததும் புகழ்ந்துவிடக் கூடாது, விலை ஏறிவிடும் என்று கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பஸ்ஸிலேயே மச்சான் அப்துல் ஹக் மூன்று தடவை சொல்லியிருந்தான். கலியமூர்த்தி வீட்டுக் கொட்டகையில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டதும் அப்துல் வதூதுவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஹக் அவர் காலை மிதித்தான்.

"பரவால்ல," என்றார் வதூது.

பினாங்கில் பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு மஞ்சக்குப்பத்தில் ஜவுளிக்கடை வைத்தவர் அவர். கடை நன்றாகத்தான் ஓடியது. கைதான் ஸ்டியரிங்குக்கு ஏங்கியது. அவர் மனைவி ஷரீபாவோ பிள்ளைகுட்டிகளோடு போக அகலமான கறுப்புக் கார் ஒன்றைப் பேசி முடித்திருந்தாள். நாளைக்கு முன்பணம். ரெண்டே பேர் உட்காரும் வண்டியை வாங்குவதானால் இன்று பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்பது அவள் கட்டளை.

எஸ்டேட்டில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற கலியமூர்த்திக்கு, ஊர் திரும்பிய வெள்ளைக்கார முதலாளி விட்டுப்போன வண்டி அது. விற்பனைக்கு என்று பேப்பரில் போட்டிருந்தார்.

மச்சானின் யோசனைப்படி வதூது குறை சொல்ல ஆரம்பித்தார். இன்ஜின் சத்தம் ஒரு மாதிரியாக இருக்கிறதாம்.

"ஓட்டிப் பார்த்துட்டே சொல்லுங்க பாய்," என்று கலியமூர்த்தி குடையும் வெற்றிலைப் பெட்டியுமாகப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ஹக் கொட்டகையிலேயே நின்றுவிட்டான்.

தேர் வீதிகள் நான்கையும் சுற்றி வந்தார்கள். வண்டி வெண்ணெயாக வழுக்கியது. வதூதுவின் நெஞ்சுக்குள் ஏதோ பாடியது. இருந்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மேட்டில் ஏறத் திணறும் போலிருக்கிறதே என்றார்.

சிதம்பரத்தில் மேட்டுக்கு எங்கே போவது? சேத்தியாத்தோப்பு ஆற்றுப் பாலத்து ஏற்றம் இருக்கிறது என்றார் கலியமூர்த்தி. போனார்கள். வண்டி ஏற்றத்தை ஏற்றமாகவே மதிக்கவில்லை. அங்கே இறங்கி ஒருவரிடம் ஏதோ பத்திரம் வாங்கி மடியில் செருகிக்கொண்டு வந்தார் கலியமூர்த்தி.

திரும்பியிருக்கலாம். ஆனால் வதூதுவின் நாக்கு சும்மா இருக்கவில்லை. ரொம்ப தூரம் ஓடினால் சூடு ஜாஸ்தியாகும் என்றார்.

"அப்ப வடலூர் வரைக்கும் பார்த்துடலாம்."

வடலூரில் கலியமூர்த்தியின் மகள் வீடு இருந்தது. ரேடியேட்டர் குளுகுளு என்றிருந்தது. வதூதுவுக்கும் சாப்பாடு போட்டார்கள். வெயில் சாய்வதைக் கண்டு அவர் பதறி, வேறு குறை ஒன்றும் கிடைக்காமல், பாரம் தாங்காது போலிருக்கே என்று முணுமுணுத்தார். அடுத்த நிமிஷம் சீட்டுக்குப் பின்னால் ஒரு மல்லாட்டைக் கடலை மூட்டையும், கலியமூர்த்தியின் மடியில் பலாப்பழமும் ஏறின.

திரும்பும் வழியில் வதூது எதையும் குறை சொல்லவில்லை. புளியமரங்கள் இரண்டு பக்கமும் பறந்தன. பினாங்கின் கடற்கரைச் சாலையில் பழைய லாரியை உருட்டிக்கொண்டு, பக்கத்தில் பறந்துபோன கார்களைப் பார்த்து ஏங்கிய நாட்களுக்கெல்லாம் சேர்த்து இன்றைக்குப் பதில் கிடைத்ததாக அவருக்குத் தோன்றியது. இனி நடிப்பில்லை என்று தீர்மானித்துவிட்டார்.

சிதம்பரம் வந்து சேர்ந்தபோது ஹக் கொட்டகையில் கோணியை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வதூது இன்ஜினை நிறுத்தினார்.

"ஐயா, இதுல ஒரு குறையும் இல்ல. நான் சொன்னதெல்லாம் பொய். நீங்க கேட்ட வெலைக்கே எடுத்துக்கிறேன்."

கலியமூர்த்தியின் முகம் வாடியது. யோசித்துக் கடுதாசி போடுவதாகச் சொல்லிவிட்டு, பலாப்பழத்தை அணைத்தபடி விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார்.

வதூது தவித்தார். ஷரீபாவுக்கு என்ன பதில் சொல்வது? வண்டியின் மேல் படுதாவை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஆண்டியிடம், ஐயா கடுதாசி போட எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

ஆண்டி சாவதானமாக முடிச்சுப் போட்டு முடித்தார்.

"ஐயாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க பாய், அவுரு எங்கியாவது போவணும்னா பேப்பர்ல வெளம்பரம் போடுவாரு, ஆனா இதுவரைக்கும் வந்தவுங்கள்ல வடலூர் வரைக்கும் கூட்டிட்டுப் போனது நீங்க ஒருத்தர்தான்."