பார்வையாளர் பாதிப்பு: பூஜ்யம்

உலகத்தில் நிற்காமல் ஓடுபவை இரண்டே. ஒன்று காலம். மற்றொன்று, நமது பெருமதிப்பிற்குரிய 'அஞ்சு ஒன்பது' அவர்கள் கட்டிக்காத்த வீடியோ சர்வர். இவற்றில் காலத்தின் மீது அவருக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது.

'அஞ்சு ஒன்பது' என்பது அலுவலகம் சூட்டிய பட்டம். 99.999 சதவீதம் தடையில்லாச் சேவை என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதாவது வருஷத்துக்கு ஐந்து நிமிஷம்தான் சர்வர் படுக்கலாம். ஓர் இயந்திரம் விழுந்தால் இன்னொன்று தாங்கும். அதுவும் விழுந்தால் மூன்றாவது தாங்கும். மூன்றும் விழுந்தால் கூட்டம் போடுவார்கள்.

இப்பேர்ப்பட்ட மகானுக்கு ஒரு தங்கை. அவளுக்குக் கல்யாணம் குதிர்ந்து, தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது, அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு அசையக் கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

"அம்மா இல்லாம எனக்குக் கல்யாணம் வேண்டாம். தள்ளிப் போடுங்க" என்றாள் தங்கை.

"எதுக்குத் தள்ளணும்? நேரலையில காட்டுறேன். முன்வரிசையில உக்காந்து பாத்த மாதிரி இருக்கும்" என்றார் அண்ணன்.

அம்மாவுக்கு ஆசை தட்டிவிட்டது. "நடுவுல நின்னுடாதுல்லப்பா?"

"பத்து லட்சம் பேர் ஒரே நேரத்துல பாத்தாலும் நிக்காதும்மா."

"நான் ஒருத்திதானே பாக்கப்போறேன்."

"அப்ப இன்னும் சுலபம்."

அந்த ஒரு வாக்கை நம்பித் தேதியை மாற்றாமல் விட்டார்கள்.

கல்யாணத்தன்று காலையில் மேடைக்கு எதிரே கேமரா நின்றது. இரண்டு இணைய இணைப்புகள், நான்கு பேட்டரிகள். மாப்பிள்ளைக்கு மட்டும்தான் மாற்று ஏற்பாடு இல்லை. மடிக்கணினியை ஏந்திக்கொண்டு நம்மவர் நின்ற நிலையைப் பார்த்து, வந்தவர்கள் பாதிப் பேர் அவரைத்தான் கல்யாணத்தைப் பதிவு செய்ய வந்த பதிவாளர் என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள். அவருடைய திரையில் படம் வராது, எண்கள் மட்டுமே வரும். படம் பார்ப்பது சாதாரண மக்களின் வேலை.

பதிவாளர் நோட்டைத் திறந்தபோது போன் அடித்தது. அம்மா.

"ஒண்ணும் வரலையேப்பா. ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."

"வருதும்மா. இங்க எல்லாமே பச்சையா இருக்கு."

"அங்க பச்சையா இருந்து எனக்கென்னப்பா? இங்க வட்டம்தான்."

"ஒருத்தருக்கு வரலைன்னாகூட இங்க சிவப்பு எரியும்மா. எரியலை. அப்ப உனக்கு வருதுன்னு அர்த்தம்."

"கண்ணு என்கிட்ட இருக்கா, உன் கம்ப்யூட்டர்கிட்ட இருக்கா?"

அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். பணியிலிருந்தவர் பதறவில்லை. "பிரச்சினை பயனர் பக்கம் சார்" என்றார். அப்படிச் சொல்ல அவருக்குப் பயிற்சி கொடுத்ததே நம்மவர்தான்.

"அம்மா, பிரச்சினை உன் பக்கம்."

"ஆமாப்பா. இடுப்பு என் பக்கம்தானே ஒடஞ்சிது."

சித்தப்பா மெல்ல வந்து தோளைத் தொட்டார். "என் போன்ல வீடியோ கால் போடட்டுமாடா? அண்ணி பாவம்."

"சித்தப்பா, அதெல்லாம் நம்பகமானது இல்லை."

சித்தப்பா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஒருவழியாக நம்மவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். பார்க்க வருபவர்களை உள்ளே விடும் நிரல் காலையிலிருந்து யாரையும் உள்ளே விடவில்லை. உள்ளே வராதவர் 'பார்வையாளர்' அல்ல. பார்வையாளரே இல்லாதபோது பாதிப்பு எப்படி வரும்? கடையைப் பூட்டிவிட்டு, உள்ளே யாரும் குறை சொல்லவில்லையே என்று மகிழ்கிற கணக்கு அது. இந்த அரிய விதியை இரண்டு வருஷத்துக்கு முன் எழுதியவர் அவரே. எண் அழகாக இருக்கவேண்டுமே என்று எழுதினார். அதற்குக் கேடயமும் கொடுத்தார்கள்.

அவர் தலை நிமிர்ந்தபோது கைதட்டல் கேட்டது. தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டு, கேமரா பக்கம் திரும்பி, "அம்மா, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் திரையைப் பார்த்தார். எல்லாமே பச்சை.

ஆனால் பொறியாளர் என்றால் பொறியாளர்தான். ஒளிப்பதிவு முழுதாகக் கிடைத்தது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தங்கை கட்டிலருகே உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கவலைப்படாதம்மா. ஒரு நொடிகூட விடுபடலை. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கணும்னு மூணு இடத்துல மூணு நகல் வச்சிருக்கேன்" என்றார் அண்ணன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். படம் ஓடியது. திக்கல் இல்லை, திணறல் இல்லை, வட்டம் இல்லை. ஐந்து நிமிஷம் பார்த்தாள். தள்ளிவிட்டுப் பார்த்தாள். கடைசிக்குப் போய்ப் பார்த்தாள்.

"யார்டி இந்த எருமை? ஆரம்பத்துலேருந்து மேடையை மறைச்சுக்கிட்டு நிக்கிறான்?"

"அண்ணன்தாம்மா" என்றாள் தங்கை.

அம்மா மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு நகல் இருக்குன்னியே. மூணுலயும் உன் முதுகுதானா?"