எரியுலை எதிர்ப்பு மனுவும் மேல்தாள் மாபோரும்

வெண்துகில் காக்கும் வீரத் திருமகளே, வாழி நீ! பன்னிரு கொடிக்கயிறுகளின் தனிப்பெருந் தலைவியே, சவுக்காரம் தின்று சிவந்த கையினாளே, எத்தனை மாதம் ஊறிப்போன கறையையும் ஒரே கசக்கில் ஊரைவிட்டே ஓட்டியவளே, நின் புகழ் பாடப் புகுந்தோம். எம் நாக்கு இடையில் குழறாதிருக்க நீயே துணை. அவளை ஊரார் வெள்ளையக்கா என்றார்கள். கீழே சலவைக்கடை, மேலே மொட்டைமாடி, மாடி நிறைய மருத்துவமனை விரிப்புகள். இதுதான் அவளுடைய ராஜ்ஜியம்.

அந்த ராஜ்ஜியத்தின்மேல் கண்வைத்து வந்தது ஒரு கரிய பகை. கொடிக்கயிற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், வான்முகட்டை முட்டும் புகைபோக்கியோடும், நகரத்துக் குப்பை முழுவதையும் விழுங்கி ஏப்பம்விடும் வயிற்றோடும், எரியுலை ஒன்று எழப்போகிறதென்று அறிவிப்பு ஒட்டினார்கள். சாம்பல் படிந்த விரிப்பை எந்த மருத்துவமனை வாங்கும்? வாங்காவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அதை நினைத்த போதெல்லாம், எதற்கும் கலங்காத அந்த வீராங்கனை மாடியேறி, பன்னிரு கயிற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

ஆயினும் அவள் சோர்ந்தாளில்லை. படை திரட்டினாள். துவைத்துத் தேய்த்து மடித்த துணிகளையெல்லாம் பிணைக்கைதிகளாக அலமாரியில் அடைத்தாள். பிறகு கடைவாசலில் நின்று, திசையெட்டும் கேட்க, "மனுவுல கையெழுத்துப் போட்டாத்தான் பேன்ட்டு கையில கிடைக்கும்," என்று பிரகடனம் செய்தாள். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய ஒருவர், பதற்றத்தில் இருமுறை கையெழுத்திட்டு ஒரே சட்டையை வாங்கிக்கொண்டு ஓடினார். இவ்வாறு ஒன்பதே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள் சேர்ந்தன, அதில் ஒன்று உபரி.

ஆட்சேப மனு கொடுக்கக் கடைசி நாள். மாலை நாலரை மணிக்கு, மனுவை மார்போடு அணைத்து, நகராட்சி அலுவலகத்தின் கவுண்டர் முன் வந்து நின்றாள் நம் தலைவி. அந்தோ, அங்கே அவளுக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார் பிரேக் வாத்தியார். கார் ஓட்டக் கற்றுத்தரும் தொழிலினர். பக்கத்து இருக்கையில் அமர்ந்தே உலகத்தை நிறுத்த வல்ல வலக்காலினர். அடுத்த தெருவின் எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவர். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளையக்காவின் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி. அவர் கையிலும் ஒரு மனு. அதுவும் அதே எரியுலைக்கு எதிராகத்தான்.

இருவரையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நோக்கிய கவுண்டர்க்காரர் திருவாய் மலர்ந்தார்: "ரெண்டும் ஒரே விஷயந்தானே? ஒண்ணாச் சேத்துப் பின் அடிச்சுக் குடுங்க. தனித்தனியா வாங்க மாட்டேன். அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்."

அங்ஙனமே மூண்டது மாபோர். யாருடைய தாள் மேலே, யாருடைய தாள் கீழே? கவுண்டர்க் கம்பியில் நூல்கட்டித் தொங்கிய ஸ்டேப்ளர் என்னும் ஒற்றைப் படைக்கலத்தை முதலில் கைப்பற்றியவர் வாத்தியார். தம் மனுவை மேலே வைத்து டக்கென்று அடித்தார். கறைகளின் காலனாகிய அவள் நகத்தால் அந்தப் பின்னை நெம்பியெடுத்து, தன் மனுவை மேலேற்றி, தானும் அடித்தாள். அவர் பிடுங்கினார், அவள் பிடுங்கியதைப் பிடுங்கினாள். பின்கள் போர்க்களத்து அம்புகளெனத் தரையில் சிதறின. வரிசையில் நின்றவர்கள் வந்த வேலையை மறந்து இரு கட்சியாகப் பிரிந்து வாதாடத் தொடங்கினார்கள். மணி நாலே முக்கால்.

"கல்யாணப் பத்திரிகையில உங்க பேருதானே மேல இருந்துச்சு சம்பந்தி," என்றாள் தலைவி, மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்து கனன்றதை அன்றைக்குத்தான் வெளியே எடுத்து. "நான் ஒரு வார்த்தை பேசினேனா? இன்னைக்கு என் தாள் மேல இருக்கட்டும்."

"பத்திரிகை அடிச்சுக் குடுத்தது நாங்க," என்றார் வாத்தியார். "இங்கயும் முதல்ல வந்தது நாங்கதான்."

ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கையில் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு கயிறும், அவற்றில் வெள்ளை வெளேரென்று ஆடும் விரிப்புகளும் கண்முன் வந்து போயின. இந்தச் சம்பந்தியின் வீம்புக்காகப் பிழைப்பைத் தொலைப்பதா என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. மலையும் வளைந்தது, மாகடலும் வழிவிட்டது. மண்ணுலகில் அதுவரை எவருக்கும் பணிந்திராத அந்தச் செங்கையினாள் ஸ்டேப்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "சரி, உங்க தாளே மேல இருக்கட்டும். குடுத்துத் தொலைப்போம்."

அத்தோடு விட்டிருக்கலாம் வாத்தியார். ஆனால் வென்றவருக்கு வாய் சும்மா இருக்குமா? மனுக்களை அடுக்கியவாறே, "இதை அப்பவே சொல்லியிருந்தா இந்நேரம் வீட்டுக்கே போயிருக்கலாமே சம்பந்தி," என்றார், சிரித்துக்கொண்டு.

அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. வெகுண்டாள் வெண்துகில் வேந்தி. சீறினாள், பாய்ந்தாள், தன் முந்நூற்றுப் பன்னிரண்டையும் அவர் பிடியிலிருந்து மீட்டாள். அவர் விட்டாரா, இரட்டைப் பிரேக் மிதித்த வீறோடு மறுமுனையைப் பற்றினார். அவள் இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் இழுக்க, இரு தெருக்களின் மானமும் இரு குடும்பங்களின் பெருமையும் ஒரு தாளின் நீளத்துக்குள் நின்று நடுநடுங்க, அலுவலகச் சுவர்கள் அதிர, மின்விசிறி திகைத்து நிற்க, இறுதியில் பெரும்பகை சாய்ந்து, பெருவீரம் ஓங்கி, வெள்ளையக்காவின் தாளே மேலேயும் வாத்தியாரின் தாள் கீழேயுமாக, ஆகாயம் பிளக்கும் ஓசையோடு விழுந்தது அந்தக் கடைசிப் பின். வென்றாள் தலைவி, நிமிர்ந்தாள், வெற்றிக் கொடிபோல் மனுவை உயர்த்திக் கவுண்டரை நோக்கித் திரும்பினாள்.

கவுண்டர்க்காரர் ஐந்து மணிக்கே ஜன்னலைச் சாத்தி, ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, வீட்டுக்குப் போயிருந்தார்.