பல் வைத்தியர் ஜெயித்த போர்

தோற்றுப்போன போரை மறுபடி நடத்தி ஜெயிப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் உலகத்தில் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இவர்களுக்குத் துப்பாக்கி வேண்டாம், குதிரை வேண்டாம், படை வேண்டாம். ‘மட்டும்’ என்கிற ஒரே ஒரு சொல் போதும். "அன்னிக்கு மட்டும் மழை பெய்யாம இருந்திருந்தா..." என்று தொடங்குவார்கள். நீங்கள் காப்பிக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் ஓடை தாண்டப்பட்டிருக்கும், பாலம் பிடிபட்டிருக்கும், எதிரித் தளபதி தொப்பியைக் கழற்றியிருப்பான், புதிய நாட்டுக்குத் தபால்தலை அச்சாகிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தில், நான் வந்து குடியேறிய லோவெல்டன் பக்கம், இந்த இனம் கொஞ்சம் செழிப்பாகவே விளையும். அடிமை முறையை வைத்துக்கொள்வதா ஒழிப்பதா என்று தெற்கும் வடக்கும் வெட்டிக்கொண்டு, தெற்கு தோற்று, நூற்றறுபது வருஷம் ஆகிறது. அதனால் என்ன? பெட்ரோல் பங்க்கில் ஒருவர் ஜெயித்துக்கொண்டிருப்பார், முடிவெட்டும் கடையில் ஒருவர், சர்ச் வாசலில் இரண்டு பேர். இவர்களிடமிருந்தெல்லாம் தப்பிவிடலாம். போன் வந்ததுபோல நடிக்கலாம், அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன் என்று ஓடலாம். ஆனால் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியே ஊருக்கு ஒரே பல் வைத்தியராக இருந்துவிட்டால்?

டாக்டர் ஹார்லன் டட்வைலருக்கு அறுபத்தாறு வயது. கை பூப்போல, அவர் ஊசி போட்டால் போட்டதே தெரியாது. முதலில் ஊசி போடுவார், பிறகு இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைப்பார், பிறகு உறிஞ்சு குழாயைத் தொங்கவிடுவார், உங்களால் இனி "ஆ" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாது என்று உறுதியான பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஹிக்கரி ஓடைச் சண்டையில நம்ம ஆளுங்க எங்க தப்பு பண்ணாங்க தெரியுமா?" என்பார்.

ஆ.

"அதேதான்! இடது பக்கம் போயிருக்கணும்!"

கருவித் தட்டில் கண்ணாடி வடக்குப் படை, குறடு தெற்குப் படை, நடுவில் ஒரு பஞ்சுருண்டை ஓடை. குறடு இடது பக்கம் போகும். ரயில் சந்திப்பு தப்பும். ரயில் சந்திப்பு தப்பினால் அட்லாண்டா தப்பும். அட்லாண்டா தப்பினால் வடக்கே தேர்தலில் வேறு ஆள் வருவார், சமாதானம் பேசுவார், தெற்கு தனி நாடாகும், லோவெல்டனுக்கு ஓர் இசை அரங்கம் வரும், அதன் பக்கத்தில் தேசியப் பல் மருத்துவக் கல்லூரி வரும். அதற்குத் தலைவர் யார் என்பதை மட்டும் அடக்கத்தின் காரணமாகச் சொல்லாமல் விட்டுவிடுவார். அவருடைய முப்பாட்டனார் அந்தச் சண்டையில் குதிரைகளுக்குப் புல் போட்டவர் என்று மாவட்ட ஆவணம் சொல்கிறது. டாக்டர் வாயில் அவர் மேஜர்.

இத்தனையிலும் ஒரு சொல் வராது. எதற்காக அந்தப் போர் நடந்ததோ, அந்தச் சொல்.

இதையெல்லாம் பத்தொன்பது வருஷமாக உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர் வெர்லீன் மாஸ். டாக்டரின் உதவியாளர், ஐம்பத்தெட்டு வயது, கறுப்பினப் பெண்மணி. டாக்டர் கை நீட்டுவதற்கு முன்பே எந்தக் கருவி என்று அவருக்குத் தெரியும். ஹிக்கரி ஓடையின் எந்த வளைவில் டாக்டரின் குரல் உயரும் என்பதும் தெரியும். அந்த இடத்தில் குழாயைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். அவ்வளவுதான் அவருடைய எதிர்ப்பு, போன மே மாதம் வரை.

போன மே மாதம் எனக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால். நாலு தடவை வரவேண்டும் என்றார் டாக்டர். விதியைப் பாருங்கள், நடந்தது முழுவதையும் நான் வாயைத் திறந்தபடி பார்த்தேன்.

முதல் தடவை. டாக்டர் குதூகலமாக இருந்தார். வருஷாவருஷம் ஜூலையில் ஓடைக்கரையில் பொய்ச்சண்டை நடக்கும். கொளுத்துகிற வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு பாதிப் பேர் வடக்காகவும் பாதிப் பேர் தெற்காகவும் சுட்டுக்கொண்டு விழுவார்கள். நிழல் இருக்கிற இடமாகப் பார்த்து விழுவார்கள். இந்த வருஷம் அதற்கு டாக்டர்தான் தலைவர்.

"இந்தத் தடவை நாம ஜெயிக்கறோம்!" என்றார். "ஒரே ஒரு வருஷம். எப்படி இருந்திருக்கும்னு பார்த்துடலாமே? சண்டை முடிஞ்சதும் கோர்ட் மைதானத்துல வெற்றி விருந்து, நடனம். கமிட்டில எல்லாரும் சரின்னுட்டாங்க. வெர்லீன், நீயும் கண்டிப்பா வரணும்."

வெர்லீன் குழாயை என் வாயிலிருந்து எடுத்தார்.

"வர்றேன் டாக்டர். எனக்கு என்ன வேஷம்?"

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. ரயில் பாதை போட்டவர், தூதரகம் திறந்தவர், தபால்தலைக்கு நிறம்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தவர். இதை யோசிக்கவில்லை.

"அது... அது தானா ஒழிஞ்சிருக்கும், வெர்லீன். சண்டை போட்டிருக்கவே வேண்டாம். காலம் மாறுதில்ல? 1890-க்குள்ள ஒருத்தர்கூட இருந்திருக்க மாட்டாங்க."

"1890." வெர்லீன் தலையை ஆட்டிக்கொண்டார். "எங்க கொள்ளுப்பாட்டியோட அப்பா, சைரஸ்னு பேரு. 1889-ல செத்துட்டாரு. ஒரு வருஷத்துல தவற விட்டுட்டாரு பாருங்க. வாயை நல்லாத் திறங்க சார்."

கடைசி வாக்கியம் எனக்கு.

இரண்டாவது தடவை போனபோது டாக்டரின் கண் சிவந்திருந்தது. புத்தகம் புத்தகமாகப் புரட்டியிருக்கிறார். பஞ்சை வைக்கும்போதே ஆரம்பித்தார். "வெர்லீன், நான் சொன்னது தப்பு. இங்கிலாந்துக்காரன் சும்மா விட்டிருக்க மாட்டான். பருத்தி வாங்க மாட்டேன்னு ஒரு மிரட்டு மிரட்டியிருந்தா போதும். 1880. தாராளமா 1880."

"1880-ல எங்க கொள்ளுப்பாட்டி ஏடிக்குப் பதிமூணு வயசு. அப்ப அவங்க சர்ச்சுக்குப் பின்னாடி இருந்த பள்ளிக்கூடத்துல ஆறு வருஷம் படிச்சு முடிச்சாச்சு. அப்பாவுக்கு வர்ற கடுதாசியெல்லாம் அவங்கதான் படிச்சுக் காட்டுவாங்க. உங்க நாட்டுல அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தா தண்டனை இல்லையா டாக்டர்?"

"சரி, 1875!"

"பேரம் பேசறீங்களா?"

"இல்ல, இல்ல. சரித்திரம்..."

"1873-ல பள்ளிக்கூடத்துல சேர்ந்தாங்க."

"1870!"

வரவேற்பறையில் காத்திருந்த ஒருவர் சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை, பஞ்சு.

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாக்டர் கெட்டவர் இல்லை. வெர்லீனின் கணவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தபோது மூன்று வாரம் கதவைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டியவர். இந்த இனமே அப்படித்தான். எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்கள். நாற்பது லட்சம் பேரை இன்னும் இருபத்தைந்து வருஷம் சங்கிலியில் வைத்திருப்பார்கள். கற்பனையில்தானே?

மூன்றாவது தடவை. பல்லைத் திறந்து, நரம்பை எடுத்து, நடுவில் இருக்கிறது வேலை. டாக்டர் வெற்றிப் புன்னகையோடு சொன்னார்: "1867, டிசம்பர். இதுக்கு மேல என்ன வேணும்? ரெண்டே ரெண்டு வருஷம்தான் வித்தியாசம். ரெண்டு வருஷம் ஒரு பெரிய விஷயமா?"

வெர்லீன் கையுறையைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, கருவித் தட்டில், குறட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விரித்தார். பழைய திருமணப் பதிவின் நகல்.

"சைரஸ் பெண்டாட்டி பேரு மஹாலா. 1859-ல அவளைத் தனியாப் பிரிச்சு அலபாமாவுக்கு வித்துட்டாங்க. விடுதலை வந்த வருஷம் கோடை முடிஞ்சதும் அவரு நடக்க ஆரம்பிச்சாரு. எந்த ஊருன்னு தெரியாது. வழியில ஒவ்வொரு சர்ச்சுலயும் நின்னு பேரைச் சொல்லிக் கேட்டிருக்காரு. அஞ்சு மாசம். கண்டுபிடிச்சாரு. 1866-ல ரெண்டு பேரும் இதே ஊரு கோர்ட்டுல போயி, நாங்க புருஷன் பெண்டாட்டின்னு பதிஞ்சாங்க. 1867 மார்ச்சுல ஏடி பொறந்தா. நீங்க சொல்ற டிசம்பர்ல விட்டா, ஏடி இல்ல. ஏடி இல்லைன்னா எங்க பாட்டி இல்ல, எங்க அம்மா இல்ல. இந்தக் குழாயைப் பிடிக்கவும் ஆளு இல்ல."

டாக்டரின் முகம் வெளுத்தது. வெளுத்த மனிதன் என்ன செய்வான்? கோபப்படுவான்.

"இது வெறும் கதை, வெர்லீன்! விளையாட்டு! இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"உங்களுக்கு விளையாட்டு" என்றார் வெர்லீன். மெதுவாகத்தான் சொன்னார். "பத்தொம்போது வருஷமா தினமும் காலைல என்னை விலைக்கு வித்துட்டு, மத்தியானம் ‘சாப்பிட்டியா வெர்லீன்?’னு கேக்கறீங்க."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் வாயைத் திறந்தபடி கிடந்தேன். எச்சில் ஊறியது. டாக்டர் ஒரு கையில் குழாயையும் மறுகையில் கருவியையும் பிடித்துப் பார்த்தார், முடியவில்லை. இரண்டையும் வைத்துவிட்டு உட்கார்ந்தார். தட்டில் கிடந்த தாளைப் படித்தார். மறுபடி படித்தார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எழுதத் தெரியாதவர்கள் போடும் பெருக்கல் குறிகள் இரண்டு இருந்தன.

"நான் யாருக்கும் கெடுதல் நினைச்சதில்ல. உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றார் என்னிடம்.

ஆ, என்றேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது. நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்பது எனக்கே தெரியாது.

கால் மணி நேரம் கழித்து வெர்லீன் திரும்பி வந்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. "இவரோட பல்லை மூடணும். மரப்பு விட்டுடும்" என்று சொல்லி, புதுக் கையுறை மாட்டிக்கொண்டார். அன்றைக்கு ஹிக்கரி ஓடையில் சண்டை நடக்கவில்லை.

நாலாவது தடவை, கேப் போடும் நாள். அறையில் கருவிச் சத்தம் மட்டும். எல்லாம் முடிந்து நான் வாய் கொப்பளிக்கும்போது, கையைக் கழுவிக்கொண்டே சுவரைப் பார்த்து டாக்டர் சொன்னார்: "1865. ஏப்ரல்." தெற்கு நிஜமாகவே சரணடைந்த மாதம்.

வெர்லீன் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்ப நீங்க தோத்துட்டீங்க, டாக்டர்."

"ஆமா."

"தோத்து ரொம்ப நாளாச்சு."

"எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது" என்றார் டாக்டர். வெர்லீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடிக்கவில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

இங்கேயே முடிந்திருந்தால் டாக்டர் மகானாகியிருப்பார். ஆனால் இந்த இனத்தவர் கையில் ஒரு மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்?

ஜூலை வந்தது. ஓடைக்கரையில் ஊரே திரண்டிருந்தது. வேகவைத்த கடலை, புகையில் வாட்டிய பன்றிக்கறி, குடம் குடமாக இனிப்புத் தேநீர். வெற்றி விருந்துக்குப் போஸ்டர் அடித்தாகிவிட்டது என்று இரும்புக்கடை பியூஃபர்ட் குதித்துக்கொண்டிருந்தார். "கமிட்டில முடிவு பண்ணதை நீ ஒருத்தனா எப்படி மாத்தலாம், ஹார்லன்? மக்கள் ஜெயிக்கறதைப் பார்க்க வந்திருக்காங்க!"

டாக்டர் மேடையேறினார். கம்பளிக் கோட்டு வியர்வையில் ஒட்டியிருந்தது. இந்த ஊரில், அந்தக் கூட்டத்துக்கு முன்னால், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவர் அடுத்துச் சொன்னதைச் சொல்வது சாதாரணம் இல்லை.

"நண்பர்களே, இந்த வருஷமும் நாம தோக்கறோம். நான் ஜெயிச்சுப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் போட்டுப் பார்த்தேன். நாம ஜெயிச்சா, நம்ம வெர்லீன் பொறக்கல. அப்படி ஒரு ஜெயிப்பு நமக்கு வேண்டாம்."

கொஞ்சம் பேர் கை தட்டினார்கள். கொஞ்சம் பேர் எழுந்து காருக்குப் போனார்கள். நாலைந்து பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டாக்டர் இறங்கி நேரே வெர்லீனிடம் வந்தார், பாராட்டுக்குக் காத்திருக்கிற முகத்தோடு. வெர்லீன் மடக்கு நாற்காலியில், கணவரின் பக்கத்தில், கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பேசினீங்க டாக்டர். ஒண்ணே ஒண்ணு. என்னை ஏன் இழுத்தீங்க?"

"அப்படின்னா?"

"நான் பொறக்காமலே போயிருந்தாலும் அது தப்புதான்."

பின்னால் பீரங்கி வெடித்தது; வழக்கம்போல தெற்குப் படை நிழல் பார்த்து விழத் தொடங்கியது. டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு கோட்டைக் கழற்றிப் புல்லின் மேல் போட்டுவிட்டு, "இங்க உக்காரலாமா?" என்று கேட்டார். வெர்லீன் கணவரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். "உக்காருங்க. கடலை சாப்பிடுங்க."

குணமாகிவிட்டாரா என்று கேட்கிறீர்கள். போன வாரம் பல் சுத்தம் செய்யப் போயிருந்தேன். பஞ்சை வைத்துவிட்டு, "பிரெஞ்சுக்காரன் மட்டும் கனடாவைக் கோட்டை விடாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, "அங்க அப்ப ஏற்கெனவே யாரு இருந்தாங்க, வெர்லீன்?" என்று கேட்டார். கதை அங்கேயே படுத்துவிட்டது. மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிறார்.

அவரை விடுங்கள். நீங்கள் ஏன் இவ்வளவு நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள்? நம் ராஜா மட்டும் அந்தச் சண்டையில் தோற்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நாம் எங்கேயோ இருந்திருப்போம் என்று, சாப்பிட்டு முடித்து வெற்றிலையோ வாழைப்பழமோ கையில் இருக்கும்போது, நீங்கள் ஒருதடவைகூடச் சொன்னதில்லையா? சொல்லும்போது யானைமேல் உட்கார்ந்திருந்தது யார்? சத்தியமாகச் சொல்லுங்கள், நீங்கள்தானே? நல்லது. அந்த யானைக்குக் கீழே, உங்கள் பெரிய ஏரிக்கு மண் சுமந்துகொண்டு ஒருத்தி போகிறாள், பாருங்கள். கூலி கிடையாது, வீட்டுக்குப் போக அனுமதியும் கிடையாது. கொஞ்சம் இறங்கி, அவள் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள். யார் ஜெயித்தது என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.