மீன் வறுவலுக்கு ஸ்கேல் வைத்த மனிதர்

இலையில் விழுந்த மீன் வறுவலை எடுத்து வாயில் வைக்காமல், பையிலிருந்து மர ஸ்கேலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்த மனிதர் தென்னாற்காடு ஜில்லாவிலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் ஸ்கேல் சார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் இருந்தது. சம்பளப் பட்டியலில் மாதம் ஒருமுறை நானே அதை டைப் அடித்திருக்கிறேன். ஆனால் திண்டிவனம் மார்க்கெட்டில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையே ஒரு கூத்து. செஞ்சிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண் நான், தமிழ்ச் சமணக் குடும்பம். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது, விளக்கில் பூச்சி விழுந்து செத்துவிடும் என்று. அப்படிப்பட்ட வீட்டுக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் சர்க்கார் கவர் வந்தது. டைப்பிஸ்ட் வேலை, மீன்துறை ஆபீஸ், திண்டிவனம். அம்மா அந்தக் கவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் கையில் வாங்கினாள். அப்பாதான் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"காயிதத்துல கீற மீனு சாவாது. நீ பாட்டுக்குப் போயி டைப் அடிச்சிக்கினு வா."

விழுப்புரத்தில் அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டு, தினமும் பாசஞ்சர் வண்டியில் திண்டிவனம் போய்வந்தேன். ஆபீஸ் என்றால் ரெண்டே அறை. ஓர் அறையில் நானும் டைப்ரைட்டரும் ஒரு இரும்பு பீரோவும். இன்னொன்றில் இன்ஸ்பெக்டரான ஸ்கேல் சார். வாசலில் பியூன் ஏழுமலை, அரைத் தூக்கத்தில்.

சார் ஒல்லியாக, உயரமாக இருப்பார். முகையூர்ப் பக்கத்து ஏழைக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா அம்மா ரெண்டு பேரும் கூலி வேலை. ஞாயிற்றுக்கிழமை சார் மாதா கோயிலுக்குப் போவார், மற்ற நாளில் ஏரிக்கோ மார்க்கெட்டுக்கோ. சைக்கிள் பாரில் கட்டிய துணிப்பையில் ஒரு நோட்டு, ஒரு பேனா, ரெண்டு முனையிலும் பித்தளைப் பூண் போட்ட ஓரடி மர ஸ்கேல். அதுதான் அவர் ஆயுதம்.

ஏரிகளை மீன் பிடிக்கக் குத்தகைக்கு விடும்போது சர்க்கார் சில நிபந்தனை போடும். ஓரடிக்குக் குறைந்த விரால் பிடிக்கக்கூடாது. ஒரு நாளைக்கு எட்டுக் கூடைக்கு மேல் கரையேறக்கூடாது. மழைக்காலத்தில் மீன் குஞ்சு பொரிக்கும் நேரம் வலையே போடக்கூடாது. எல்லா ஆபீசிலும் இந்தக் காகிதம் கட்டுக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பி உட்காரவைத்துப் படித்த மகானுபாவர் இவர் ஒருவர்தான்.

"எதுக்கு சார் இவ்ளோ பேஜாரு? ஊர்ல யாரு சார் இதெல்லாம் பாக்கறாங்க?" என்று ஏழுமலை ஒருநாள் கேட்டே விட்டான்.

"ஏரி யாருதுய்யா? கவர்மென்ட்டுது. ரூலு போட்டது யாரு? கவர்மென்ட்டு. அப்போ அதைக் காவல் காக்கறது மட்டும் யாரு, உங்க மாமனாரா? நாமதான்யா கவர்மென்ட்டு!" என்றார். ஏழுமலை தன்னை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான். கிழிந்த காக்கி டவுசரோடு கவர்மென்ட் அங்கே நின்றுகொண்டிருந்தது.

செவ்வாய், வெள்ளி மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். தெருமுனை திரும்பும்போதே, "அடியே, ஸ்கேலு வர்றாருடி!" என்று குரல் பறக்கும். சின்ன மீனெல்லாம் கூடைக்கு அடியில், சாக்குக்கு அடியில், ஒருமுறை தூங்கும் குழந்தைக்கு அடியில்கூடப் போயிருக்கிறது. கன்னியம்மா என்று ஒரு மீன்காரம்மா, வாயில் வெற்றிலை, எதற்கும் அசராத ஆள். அவள் விராலின் தலையை ஒரு கையாலும் வாலை ஒரு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பாள்.

"விடு ஆயா. மீனு தானா படுத்துக்கினு இருக்கட்டும், அப்பாலே அளக்கறேன்."

"நீ ஆம்பள, கிட்ட வந்தா அது கூச்சப்பட்டுச் சுருங்குது சார். நான் புடிச்சிக்கறேன், நீ ஜல்தியா அள."

மார்க்கெட்டே சிரிக்கும். சார் மட்டும் சிரிக்கமாட்டார். "பதினோரு அங்குலம். பறிமுதல்" என்று நோட்டில் எழுதுவார். திட்டித் தீர்ப்பார்கள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த மனிதர் அந்த மார்க்கெட்டில் ஒரு டீ ஓசியில் குடித்து யாரும் பார்த்ததில்லை. திட்டிய அதே கன்னியம்மா, அவர் அந்தப் பக்கம் போனதும், "இந்தாளு மட்டும் இல்லேன்னா ஏரிய ஒரே மாசத்துல தொடச்சிட்டுப் போயிருப்பானுங்க" என்பாள்.

இப்பேர்ப்பட்டவரை ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் ஒரே வார்த்தையில் மடக்கிவிட்டார். கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் மத்தியானச் சாப்பாடு. விரால் வறுவல் வந்தது. சார் அளந்தார். பத்து அங்குலம்கூட இல்லை. "எந்த ஏரி மீனு?" என்று எழுந்துவிட்டார்.

கடைக்காரர் அசரவில்லை. "உக்காருங்க சார். உசுரோட ஓரடிக்கு மேலதான் இருந்துச்சி. எண்ணெயில போட்டா சுருங்காதா?"

சார் ஸ்கேலைப் பையில் போட்டார். சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே ஆபீசுக்கு வந்தார். மூன்றாம் நாள், பறிமுதல் செய்த விராலில் ரெண்டை எடுத்துக்கொண்டு, பம்ப் ஸ்டவ், வாணலி, எண்ணெய் சகிதம் ஆபீசுக்குள் நுழைந்தார்.

"டைப்பிஸ்ட்டம்மா, நீங்க வெளியே போயிடுங்க. கவர்மென்ட் வேலையா மீனு வறுக்கப்போறேன்."

நான் டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினேன். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழுமலை வறுக்க, சார் ஜன்னல் வழியே கத்தினார்.

"பச்சையா பதினொன்னு! அடிச்சிக்கோங்க! வறுத்தப்புறம் ஒம்பதே முக்கால்! அடிச்சிட்டீங்களா?"

"அடிச்சிட்டேன் சார், ஜன்னலைச் சாத்துங்க!"

இப்படியாக, உலகத்திலேயே முதன்முதலாக, விரால் எண்ணெயில் எவ்வளவு சுருங்கும் என்பதற்கு ஒரு சர்க்கார் பட்டியல் பிறந்தது. கீழே டைப் செய்தவர் என்ற இடத்தில் என் இனிஷியல். கடலூர் பெரிய ஆபீசுக்கு ஒரு நகல் போயிற்று. அன்றிலிருந்து ஜில்லாவில் எந்தக் கடையிலும் சுருங்கிவிட்டது என்ற சாக்குச் செல்லவில்லை.

அந்த வருஷக் கோடையில் விவகாரம் முற்றியது. மயிலம் பக்கத்து ஏரி ஒன்றில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றிப் போயிருந்தது. மீனெல்லாம் நடுக்குழியில் ஒண்டிக் கிடந்தன. குத்தகைக்காரர் பெரிய கை. பேரப் பிள்ளைக்குக் காதுகுத்து, திண்டிவனம் கல்யாண மண்டபத்தில் விருந்து. எட்டுக் கூடைக் கணக்கெல்லாம் காற்றில் பறந்தது. விடிந்ததிலிருந்து இருபது கூடைக்கு மேல் ஏற்றிவிட்டார்கள் என்று அந்த ஊர் வலைக்காரர் ஒருவர் ஓடிவந்து சொன்னார்.

"தாய் மீனு அம்புட்டும் போவுது சார். மழை பேஞ்சி ஏரி ரொம்பினாலும் அடுத்த வருசம் தவளதான் கெடக்கும். நாங்க இன்னாத்த தின்றது?"

சார் மண்டபத்துக்குப் போனார். பந்தி நடந்துகொண்டிருந்தது. ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையாக இலை முன்னால். சார் ஸ்கேலை எடுத்துக்கொண்டு முதல் இலையிலிருந்து ஆரம்பித்தார்.

"யோவ், சாப்புடற எலையில கைய வெக்கறியே, புத்தி கீதா?"

"எலையில வெக்கலீங்க. மீனுக்குப் பக்கத்துலதான் வெக்கறேன். நீங்க சாப்புடுங்க."

யார் சாப்பிடுவார்கள்? பந்தி முழுக்க எடுத்த கை அந்தரத்தில் நிற்க, ஒன்பதரை, ஒன்பது, எட்டே முக்கால் என்று சொல்லிக்கொண்டே போனார். பிறகு சமையல்கட்டு. அங்கே நாலு பீப்பாயில் இன்னும் உயிரோடு விரால். விரால் கெட்டி உயிர், சேற்றுத் தண்ணீரிலும் நாள்கணக்கில் தாங்கும். நாலு பீப்பாயையும் பறிமுதல் என்று எழுதி, மாட்டு வண்டியில் ஏற்றி, அன்று சாயங்காலமே அதே ஏரியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். குத்தகையை ரத்து செய்யச் சொல்லி ரிப்போர்ட் எழுதினார். அதை நான்தான் டைப் அடித்தேன், பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி.

பதினைந்தே நாளில் சார்ஜ் மெமோ வந்தது. குத்தகைக்காரர் எழுதிய மனுவோடு, கடலூருக்குப் போன எங்கள் வறுவல் பட்டியலும் இணைக்கப்பட்டிருந்தது. பறிமுதல் செய்த சர்க்கார் மீனை ஆபீசிலேயே வறுத்துத் தின்றார், அதற்கு அவர் ஆபீஸ் காகிதமே சாட்சி என்று குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போகும். அவர் வேலை போனால் ரிப்போர்ட்டும் போகும், ஏரியும் அந்த ஆள் கைக்கே போகும். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். கீழே என் இனிஷியல். அன்று பாசஞ்சர் வண்டியில் விழுப்புரம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

விசாரணைக்குக் கடலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கர்ச்சீப்பும் கையுமாக, மீன் வாடையே ஆகாத ஆள். அப்படிப்பட்டவரை மீன்துறையில் போட்ட புண்ணியவான் யாரோ. ஏழுமலை முதல் நாளே வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டான். குத்தகைக்காரர் காலுக்குமேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மீனை வறுத்தது நீர்தானே?"

"ஆமாங்க."

"தின்னது?"

"தின்னலீங்க."

"பின்னே அது எங்கேய்யா?"

"ரெக்கார்டுல கீதுங்க."

குத்தகைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்த பீரோவின் கீழ்த்தட்டில் அந்தச் சனியன் பிடித்த பாட்டில் இருந்தது. வறுத்த ரெண்டு விராலையும் அழுகாமல் காக்கும் பார்மலின் மருந்தில் போட்டு, மூடி, லேபிள் ஒட்டி, அரக்கு வைத்து, ஜன்னல் வழியே என்னிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார் சார். அது அங்கே இருந்த நாள் முழுக்க அந்தத் தட்டை நான் திறந்ததே இல்லை. காகிதம் வேண்டுமென்றால் ஏழுமலையைத்தான் எடுக்கச் சொல்வேன்.

சார் எழுந்து பீரோ பக்கம் வந்தார்.

"நில்லும். குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிப் பொருளைத் தொடக்கூடாது" என்றார் அதிகாரி. "வேற யாராவது எடுங்க."

வேறு யார் இருந்தார்கள்? அதிகாரி கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டார். சார் என்னைப் பார்த்து, "வேணாம் டைப்பிஸ்ட்டம்மா. ஏழுமல வரட்டும், இன்னொரு நாளு பாத்துக்கலாம்" என்றார். வேலை போகிற நேரத்திலும் என் ஆசாரத்தைப் பற்றிய கவலை அந்த மனிதருக்கு.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியாது. பீரோவைத் திறந்தேன். பாட்டிலைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன்.

"லேபிள் சரி. அளவு சரியா இருக்கா? ஒரு துண்டு தின்னிருந்தாலும் குறையுமே. வெளியே எடுத்து அளக்கணும்" என்றார் அதிகாரி, ரெண்டடி பின்னால் நகர்ந்துகொண்டே.

அரக்கை உடைத்தேன். மனசுக்குள் அருகா அருகா என்று சொல்லிக்கொண்டு கையை விட்டேன். முதல் மீன் வந்தது. அதைக் காகிதத்தில் கிடத்தி, சாரின் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பார்மலின் நெடி என்று அப்போது சொன்னேன்.

"ஒம்பதே முக்கால் சார்" என்றேன்.

ரெண்டாவதும் பட்டியலோடு அச்சாகப் பொருந்தியது. ஒரு விள்ளல் குறையவில்லை.

அதிகாரி கர்ச்சீப்பை எடுக்காமலே அந்த மீன்களைச் சுட்டிக்காட்டினார். "இதை ஏம்யா இத்தனை நாளா வச்சிருக்கீரு? தூக்கிப் போடறதுதானே?"

"கவர்மென்ட்டு மீனுங்க. அழிக்கறதுக்கு உத்தரவு கேட்டு மூணு லெட்டர் போட்டேன். உங்க ஆபீசுலேர்ந்து பதிலு வரலீங்க."

மூன்றுக்கும் நகல் எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குத்தகைக்காரரின் கால் தானாகக் கீழே இறங்கியது.

மெமோ ரத்தாயிற்று. குத்தகையும் ரத்தாயிற்று. அன்று வீட்டுக்குப் போய் அண்ணி ஏன் என்று கேட்கக் கேட்கத் தலைக்கு மூன்று தரம் ஊற்றிக்கொண்டேன். அப்பாவுக்கு விஷயம் போனபோது, சாமி முன்னால் நின்று யோசித்துவிட்டு, "செத்ததைத் தொட்டு உசுரோட கீறதைக் காப்பாத்தியிருக்கே. போவட்டும்" என்றாராம்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும், சார் என்னையும் ஏழுமலையையும் கரைக்குக் கூட்டிப்போனார். தண்ணீரின்மேல் ஓரிடம் மட்டும் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். கொத்தாக நூற்றுக்கணக்கில். அடியில் தாய் மீன் காவலுக்கு நின்றது. வலைக்காரர்கள் வலையில்லாமல் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஊர் ஏரிய இப்படித்தாங்க ஒரு வருசம் சுத்தமா வழிச்சிட்டாங்க" என்றார் சார், தண்ணீரைப் பார்த்தபடியே. "அடுத்த வருசம் எங்க வூட்ல வெறும் கேப்பக் கூழுதான். தொட்டுக்க ஒண்ணும் இல்ல. அப்போ ஒரு கவர்மென்ட்டு ஆளும் அந்தப் பக்கம் வரலீங்க."

அடுத்த மாதமே அவரை மாற்றிவிட்டார்கள். போகும்போது கைகூப்பி, "உங்க கையக் கெடுத்துட்டேன் டைப்பிஸ்ட்டம்மா, மன்னிச்சிக்கோங்க" என்றார். அன்று நானும் கைகூப்பியதோடு சரி. இப்போது சொல்கிறேன் சார், கை கெடவில்லை. ஆயுசு முழுக்க டைப் அடித்துத் தேய்ந்த இந்தக் கை ஒரு நல்ல காரியம் செய்தது என்றால், அது உங்களுக்காக அந்த மீனைத் தொட்டதுதான்.