லோ வோல்டேஜும் ஆறாவது காரும்

இந்தக் கிறிஸ்துமஸுக்குள் என் கார் முதலாவதாக வந்தே தீர வேண்டும் என்று 1996 டிசம்பர் ஒன்றாம் தேதி, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த கையோடு சபதம் எடுத்தேன். கோயிலிலேயே எடுத்திருந்தால் ஒருவேளை பலித்திருக்கும். வீட்டுக்கு வந்து எடுத்தேன். மனைவி காதில் விழுந்துவிட்டது.

கார் என்றதும் எங்கள் வாசலை எட்டிப் பார்க்காதீர்கள். வாசலில் நிற்பது சைக்கிள். கார் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. நான் பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப்பள்ளியின் இயற்பியல் ஆசிரியன். பெயர் அப்பாத்துரை. அரையாண்டுக் கேள்வித்தாள் அடிக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் கம்ப்யூட்டர் வாங்கினேன். ஒரு கேள்விகூட அடிக்கவில்லை. கார்ப் பந்தயம் மட்டும் ஓடியது.

ஓடியது என்பதும் ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். திக்கித் திக்கி நகர்ந்தது. இடது பக்கம் திரும்ப விசையை அமுக்கினால், அமுக்கி, கையை எடுத்து, மூக்கைச் சொறிந்து முடித்த பிறகுதான் கார் திரும்பும். அதற்குள் சுவர் வந்துவிடும். பந்தயத்தில் ஆறு கார்கள். நான் ஆறாவது. ஏழு கார் விட்டிருந்தால் ஏழாவதாக வந்திருப்பேன்.

பக்கத்து வீட்டு அசன் மைதீன் எங்கள் பள்ளியிலேயே கணக்கு வாத்தியார். நான் வாங்கிய அதே கடையில், அதே நாளில், அதே பெட்டியை வாங்கினவர். அவர் கார் தினமும் முதலாவதாக வந்தது. அதைத் தினமும் டீ இடைவேளையில் விநாடிக் கணக்கோடு அறிவித்தார். "மூணாவது வளைவுல வண்டியக் கொஞ்சம் ஒடிச்சு எடுக்கணும் வே" என்று எனக்கு யோசனை வேறு. நான் முதல் வளைவுக்கே இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. இந்த வயிற்றெரிச்சலில் எடுத்ததுதான் அந்தச் சபதம்.

"கிறிஸ்துமஸுக்குள்ள ஃபர்ஸ்ட் வாரேனா இல்லையா பாரு" என்றேன்.

"வரலைன்னா?" என்றாள் என் மனைவி ஜெபகனி.

"வருவேன்."

"அதான், வரலைன்னா?"

அவளே தீர்ப்பு எழுதினாள்.

"வரலைன்னா என் தையல் மிஷின் மறுபடியும் ஜன்னலுக்கு வரும். உங்க பெட்டி உள் ரூமுக்குப் போவும். வந்துட்டீயன்னா அது இங்கனயே இருக்கட்டும், நான் வாயத் திறக்கமாட்டேன்."

ஜன்னலோரம் அவளுடைய தையல் மிஷினின் இடம். கம்ப்யூட்டர் வந்ததும் அதை உள் அறைக்குத் தள்ளியிருந்தேன். உள் அறையில் மின்விசிறி கிடையாது. வெளிச்சம் கிடையாது. அரிசி டிரம் உண்டு, கொசு உண்டு, சுவரில் என் மாமனார் படம் உண்டு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆறாவதாக வர என்னால் முடியாது.

சரி, கோளாறு எங்கே? இயற்பியல் வாத்தியார் வீட்டில் இதற்கு மெக்கானிக்கா தேட வேண்டும்? நானே ஆராய்ந்தேன். கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் சிவப்பு வெளிச்சத்தில் 33 என்று ஓர் எண் எரியும். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டேன், உள்ளே இருக்கும் வெப்பநிலை. எங்கள் ஊர்க் கணக்குக்கு முப்பத்துமூன்று டிகிரி என்பது குளிர்காலம். ஆகவே பெட்டிக்குச் சூடு இல்லை. இருந்தாலும் தினமும் அந்த எண்ணை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்தேன். சூடு இல்லையென்றால் மிச்சம் ஒன்றே ஒன்றுதான். லோ வோல்டேஜ்.

எங்கள் தெருவில் விளக்கு வைக்கும் நேரமானால் டியூப்லைட் கண்ணடிக்கும். ஓடுகிற மின்விசிறியின் இறக்கையை எண்ணிவிடலாம். மின்விசிறிக்கே அந்தக் கதி என்றால் கார் எப்படி ஓடும்?

"கனி, நான் ஆடுத நேரத்துல கிரைண்டர் போடாத. வோல்டேஜ் இறங்கிருது. கார் திக்குது."

"சரிங்க."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் பேச்சிலேயே அவள் 'சரிங்க' சொன்னது அன்றைக்குத்தான். நான் சுதாரித்திருக்க வேண்டும். பூரித்துப் போனேன்.

"ஒரு சந்தேகம்" என்றாள். "கிரைண்டர் ஓடுனா சுவத்துக்குள்ள ஒயர் சூடாவுமா?"

"ஆவும். சூடானா மின்தடை கூடும்."

"நீங்க ஆடுதது ஆறரைக்கு. நான் மத்தியானமே மாவாட்டி வச்சிட்டா, அந்தச் சூடு ஆறரைக்குள்ள ஆறிருமா?"

முதல் பெஞ்சு மாணவி மாதிரி கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள். பன்னிரண்டாம் வகுப்பில் இத்தனை வருஷத்தில் ஒருவன் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்படிப்பட்ட கேள்விக்கு 'ஆறிரும்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி முடிக்க எந்த வாத்தியாருக்கு மனசு வரும்?

"லேசுல ஆறாது. சுவத்துக் காரையும் செங்கலும் சூட்டைப் பிடிச்சு வச்சிக்கிடும். ஒரு முழு நாள் ஆவும்."

"அப்ப கிரைண்டரே போடக்கூடாது."

"கூடாது."

"மிக்ஸி?"

"அதுவும் மோட்டார்தான்."

"கெணத்து மோட்டாரு?"

"...அதுவும்தான்."

"பாத்தீயளா, நல்லவேளை கேட்டேன்" என்றாள். "ஆனா கிறிஸ்துமஸ் வருதே. பதினெட்டு வீட்டுக்குப் பலகாரத் தட்டு போவணும். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவு?"

"மில்லுல திரிச்சிருவோம்."

"மில்லு மாவுல அதிரசம் கல்லு மாதிரி வரும். போன வருஷம் மைதீன் சார் வீட்டுல பல்லு ஆடிப்போச்சுன்னு சொல்லலையா? பொறத்தால உரலும் ஆட்டுரலும் சும்மாதான் கெடக்கு. எனக்குத் தோள்பட்டை பிடிச்சிக்கிட்டு. வேண்டாம், விடுங்க. நீங்க பேசாம உள் ரூமுக்கே போயிருங்க."

"நான் ஆட்டுதேன்!" என்று கத்தினேன்.

அன்று தொடங்கியது. ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து வருவேன். வேட்டியை மடித்துக் கட்டுவேன். கிணற்றில் இருபது வாளி. பிறகு ஆட்டுரல். அது முடிந்தால் உலக்கை. நான் புழக்கடையில் உட்கார்ந்ததும் ஜெபகனி பின்கதவைச் சாத்திவிடுவாள். "மாவுத் தூசி கம்ப்யூட்டர்ல பட்டுரக் கூடாதுல்லா" என்பாள். என் பெட்டியின் மேல் அவளுக்கு எவ்வளவு கரிசனம்! எனக்குக் கண்ணீரே வந்தது. பாதி வியர்வை.

ஆறரைக்கு மாவுக் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து ஓட்டுவேன். ஆறாவது.

பத்தாம் தேதி ஐந்தாவதாக வந்தேன்! இன்னொரு கார் தானே போய்ச் சுவரில் மோதிக்கொண்டது என்பது உண்மைதான். ஆனால் ஆராய்ச்சியில் ஈடுபட்டவன் சின்ன வெற்றியை உதறக் கூடாது. வோல்டேஜ் ஏறிவிட்டது என்று தீர்மானித்து, அன்று முதல் இஸ்திரிப் பெட்டியையும் தடை செய்தேன். கசங்கிய சட்டையோடு பள்ளிக்குப் போனேன். மறுநாள் மறுபடியும் ஆறாவது.

இருபத்துநான்காம் தேதி மத்தியானம். அரையாண்டு விடுமுறை. கடைசி ஈடு அரிசியை இடித்துக்கொண்டிருந்தபோது, புழக்கடைக் கதவைத் திறந்துகொண்டு அசன் மைதீன் வந்து நின்றார்.

"என்னவே இது, உலக்கையும் கையுமா?"

வேறு வழியில்லாமல் சொன்னேன். லோ வோல்டேஜ், ஒயர், சுவர்க் காரை, செங்கல் எல்லாம். கணக்கு வாத்தியார் அல்லவா, கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"உலக்கையக் கீழ போடும். பெட்டியக் காட்டும்" என்றார்.

கூடத்துக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டோம். அவர் முகப்பையே பார்த்தார்.

"ஏம்வே முப்பத்திமூணுல நிக்கி?"

"இன்னைக்கு வெயில் கம்மி" என்றேன்.

அசன் மைதீன் என் முகத்தைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது வேகம் வே! வேகம்! வெப்பமானியா அது?"

எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பொத்தானை அமுக்கினார். 33 மறைந்து 66 வந்தது.

"டர்போ பட்டன். பழைய புரோகிராமுக்காகக் கம்ப்யூட்டரைப் பாதி வேகத்துக்கு இறக்குததுக்கு வச்சிருக்கான். யாரோ அமுக்கி விட்டிருக்காவ. ஒரு மாசமா பாதி வேகத்துலயா ஓட்டுனீரு?"

இருபத்துநான்கு நாள் நோட்டில் ஒரு நாள்கூட முப்பத்திரண்டோ முப்பத்துநாலோ இல்லாதது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கனி! இந்தப் பட்டனை யாரு அமுக்குனது?"

"தூசி தட்டும்போது கை பட்டிருக்கும்ங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

போகட்டும். கிறிஸ்துமஸுக்கு இன்னும் அரை நாள் பாக்கி இருந்தது. உட்கார்ந்தேன். கார் பறந்தது! அமுக்கியதும் திரும்பியது. அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு மாசமாக, வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே அமுக்கி என் விரல் பழகியிருந்தது. வளைவு தூரத்தில் தெரிந்ததுமே அமுக்கினேன். கார் சொன்ன பேச்சைக் கேட்டு அந்த நிமிஷமே திரும்பிச் சுவருக்குள் போனது. ஐந்து தடவை ஓட்டினேன். ஐந்து தடவையும் ஆறாவது. அசன் மைதீன் மரியாதையாக உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபகனி சேலைத் தலைப்பில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க."

"நீ என்னத்துக்கு இங்கன?"

"தள்ளுங்கன்னா."

உட்கார்ந்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் வளைவு போனது. இரண்டாவது போனது. மூன்றாவது வளைவில் வண்டியை ஒடித்து எடுத்தாள். அசன் மைதீன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். திரையில் கொடி ஆடியது. முதலிடம். நேரம், அசன் மைதீனுடையதைவிடப் பதினோரு விநாடி குறைவு.

"வீட்டுல ஒரு வேலை கெடக்கு" என்று சொல்லி அசன் மைதீன் முறுக்குகூட வாங்காமல் போய்விட்டார்.

"எப்ப கத்துக்கிட்ட?" என்றேன்.

"நீங்க பொறத்தால மாவாட்டுத நேரத்துல. அஞ்சுல இருந்து ஆறரை வரைக்கும் வீடு நல்ல அமைதியா இருக்கும்."

"பட்டன்?"

"மொதல்ல கை பட்டது நெசந்தான். பொறவு அஞ்சுக்கு அமுக்கிட்டு, ஆறரைக்குத் திரும்ப அமுக்கி வச்சிருவேன். இல்லேன்னா நீங்க மொத வாரமே ஜெயிச்சிருவீய. பதினெட்டு வீட்டுக்கு மாவு யாரு இடிப்பா?"

வலித்தது. தோளும் வலித்தது. இருந்தாலும் எனக்கு ஒரு பிடி கிடைத்தது.

"எது எப்படியோ, நம்ம வீட்டுக் கார் ஃபர்ஸ்ட் வந்துட்டு. பேசுனபடி கம்ப்யூட்டர் ஜன்னல்லதான் இருக்கும். இனி மாத்திப் பேசப்படாது!"

"இருக்கட்டும். யாரு எடுக்கச் சொன்னா? உள் ரூம்ல எனக்கு வெளிச்சம் காணாது" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. அடுத்த பந்தயம் தொடங்கிவிட்டிருந்தது. நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து மனசு இளகியிருக்க வேண்டும்.

"உங்களுக்கும் ஓட்டணும்போல இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. பட்டனை அமுக்கித் தாரேன், பைய ஓட்டுவீய."