குறுக்குத்துறைக் குடம்

"அல்வா நல்லாத்தான் இருக்கு. ஆனா..." என்று ஊர்க்காரப் பெரியநாயகம் இழுத்தபோதே தளவாய்க்கு மிச்சம் தெரிந்துவிட்டது.

"தாமிரபரணித் தண்ணி இல்லியேவே!"

பம்பாய்த் தாராவியில் கடை திறந்ததிலிருந்து எல்லா வாயும் இதையேதான் சொன்னது. இப்படியே போனால் தீபாவளிக்குள் கடையை மூடிவிட்டு, பழையபடி தோல் கிட்டங்கியில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

அன்று மாதுங்கா ராத்திரிப் பள்ளியில் மாஸ்டர், "ருசி நாக்கில் இல்லை, மூளையில் இருக்கிறது. மூளை நம்பினால் நாக்கும் நம்பும்" என்றார். பாடத்தில் பாதி தளவாய்க்குப் புரியவில்லை. புரிந்த பாதி போதுமாயிருந்தது.

மறுநாள் கடை வாசலில் பித்தளைக் குடம் ஒன்று, குங்குமப் பொட்டோடு வீற்றிருந்தது. உள்ளே தெருக்குழாய்த் தண்ணீர்.

"தாமிரபரணி, குறுக்குத்துறைப் படித்துறைத் தண்ணி. ரயில்ல வந்துச்சு அண்ணாச்சி. இனி இதுலதான் அல்வா."

பெரியநாயகம் ஒரு விள்ளல் போட்டார். கண் செருகியது. "ஏ யப்பா! ஆத்துப் படியில உக்காந்த மாதிரில்லா இருக்கு!"

செம்பூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. கூடவே வம்பும் வந்தது.

"ஏம்வே, பாபநாசத்துக்காரன் நாக்கு நாக்கில்லையா?" என்றார் கணேசபாண்டியன்.

தளவாய் இன்னொரு குடம் வைத்தான். ஸ்ரீவைகுண்டத்து அன்னத்தாய் முறைத்தாள். மூன்றாவது குடம் வந்தது. ஒரே சட்டியில் கிண்டிய அல்வா, மூன்று தட்டில் மூன்று ருசியானது.

"பாபநாசம்தான் தேன். வைகுண்டம் உப்புல்லா கரிக்கி!" என்றார் கணேசபாண்டியன்.

"கரிக்காம? ஆத்துக்கு மேல குளிச்சு அழுக்கக் கீழ விடுதது நீங்கதான!" என்று அன்னத்தாய் கரண்டியைத் தூக்கினாள்.

தளவாய் நடுவில் பாய்ந்தான். "அடிச்சுக்கிடாதிய! மூணும் தெருக்குழாய்த் தண்ணிதான்!"

பெரியநாயகம் வாயிலிருந்ததைத் துப்பினார். "அதான பாத்தேன், காலையிலேருந்தே ஒரு கசப்பு!"

"கடையில மண்ணப் போட்டுராதிய அண்ணாச்சி! என்ன செய்யணும், சொல்லுங்க."

பெரியநாயகம் மனமிரங்கினார். "பித்தலாட்டம் வேண்டாம்வே. மொதல்ல கிண்டுனீரே, யோக்கியமான பம்பாய்த் தண்ணி அல்வா, அதையே போடும். வாங்குதோம்."

தளவாய்க்குப் போன உயிர் திரும்பியது. "அம்புட்டுத்தான? நாளைக்கே!"

உள்ளே கோதுமை ஆட்டிக்கொண்டிருந்த அவன் பெண்சாதி பேராச்சி தலையை நீட்டினாள்.

"இந்தாருங்க, அது நடக்காது. மொதல்ல கிண்டுனது எங்க அண்ணன் உங்களுக்குத் தெரியாம டின்னு டின்னா கொண்டாந்த தாமிரபரணித் தண்ணி. நீங்க குடம் வைக்கதுக்கு முந்தின நாளே தீந்துபோச்சு!"