பிரிக்காமல் தங்கையிடம் கொடுக்க வேண்டிய பார்சல்

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அதாவது சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். அங்கே நீங்களும் சகலையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சகலையின் முழங்கால் வலி குறைந்ததா? உங்கள் தங்கை எப்படி இருக்கிறாள் என்று போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதிக் கேட்கிறேன். போன தடவை நான் எழுதிய கடிதத்தில் சிவப்பு மையால் பதினான்கு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினீர்கள். முப்பது வருஷம் மொழிப்பாடம் எடுத்த கை சும்மா இருக்காது என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். இந்தக் கடிதத்திலும் வட்டம் போட நிறைய இடம் இருக்கும். தயவுசெய்து கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கள்.

விஷயம் சின்னது. இத்துடன் ஒரு பார்சல் அனுப்புகிறேன். அதைப் பிரிக்காமல், என்ன ஏது என்று கேட்காமல், அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். உள்ளே இருப்பது மருந்து மாதிரி. கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்பிய வேகத்தில் அவள் அதை விட்டுவிட்டுப் போய்விட்டாள், இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. வாரத்துக்கு மூன்று தடவையாவது உபயோகிக்க வேண்டியது. வரும் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் பரிசோதனை. இதை உபயோகிக்காமல் போனால் டாக்டரால் உள்ளே சரியாகப் பார்க்க முடியாது, பார்க்க முடியாவிட்டால் கர்ப்பப்பை வாயில் வந்த அந்தப் புற்றுநோய் திரும்பி வந்திருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான். இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் பிரிப்பீர்கள். உங்களை இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரியும். பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் தூக்கிப் பார்த்து, "அட கர்மமே" என்று கீழே போட்டு உடைப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கதிர்வீச்சு சிகிச்சை முடிந்த அன்று நர்ஸம்மா உங்கள் தங்கையைத் தனியாக அழைத்துப்போய் ஒரு துணிப்பையும் ஒரு தாளும் கொடுத்திருக்கிறார். அதை அவள் சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். இரண்டு மாதம் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. பையில் சின்னதும் பெரியதுமாக நான்கு பிளாஸ்டிக் குழாய், அவற்றோடு அவளே தபாலில் வரவழைத்த ஒரு ஊதா நிற வைப்ரேட்டர், பாதி தீர்ந்த ஜெல். தாளை நின்றபடியே படித்தேன். கதிர்வீச்சுக்குப் பிறகு அந்தப் பாதை சுருங்கும், ஒட்டிக்கொள்ளும், அதனால் சின்னக் குழாயில் தொடங்கி மெதுவாகப் பழக்க வேண்டும், அது கஷ்டமாக இருந்தால் சிலிக்கானில் செய்த வைப்ரேட்டர் ஒன்றை உபயோகிக்கலாம், அதில் சுகம் கிடைத்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, உடம்பு இளகுவதற்கு அதுவே நல்லது, தண்ணீரில் கரையும் ஜெல்லைத் தாராளமாகத் தடவ வேண்டும், வலி பொறுக்க முடியாவிட்டாலோ ரத்தம் நிற்காமல் வந்தாலோ நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிட வேண்டும், முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீரில் வாசனையில்லாத சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, சுத்தமான துணிப்பையில் தனியாக வைக்க வேண்டும், மோட்டார் உள்ளதை வேகவைக்கக் கூடாது, கீறல் விழுந்ததைத் தூக்கி எறிய வேண்டும். கடைசி வரி, நோயாளி விரும்பினால் துணைவரும் கூட இருந்து உதவலாம். இவ்வளவுதான் அக்கா. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எனக்குப் புரியவில்லை, ஏனென்றால் நான் முப்பத்தொரு வருஷமாக ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் குப்பை கொட்டுகிறவன்.

"சோப்பா? வெறும் சோப்பா?" என்றேன்.

"தாள்ல அப்படித்தாங்க போட்டிருக்கு. அதை அங்கேயே வைங்க," என்றாள்.

"இதை எழுதினவங்க ஒரு நாள் எங்க பிரிவுக்கு வந்து பாக்கட்டும்."

அந்த இரண்டு மாதத்தில் அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்ததை நான் கவனித்திருக்கிறேன். சமையலறையில் மறுபடி ரேடியோ பாட ஆரம்பித்திருந்தது. காரணம் அந்தப் பைதான் என்று அப்போது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலையில் அவள் குளிக்கும்போது ஊதாவை எடுத்து டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வேகவைக்கக் கூடாது என்றுதான் போட்டிருக்கிறது, நீராவியில் வைக்கக் கூடாது என்று போடவில்லையே என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். மூட்டு ஆபரேஷன் தட்டுகளோடு சேர்த்து நீராவி இயந்திரத்தில் ஏற்றினேன், நூற்று முப்பத்து நான்கு டிகிரி. பதினோராவது நிமிஷம் உள்ளே டமார் என்று ஒரு சத்தம். உள்ளே இருந்த பாட்டரி வெடித்துவிட்டது. சைரன் அலறி, அந்தச் சுற்றில் இருந்த அத்தனை கருவியும் கெட்டு, இரண்டு பேருக்கு ஆபரேஷன் தள்ளிப்போனது. மேற்பார்வையாளர் அம்மா உருகிப்போன ஊதாக் கட்டியை இடுக்கியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது எந்த எலும்புக்குப் போடறது?" என்றார். நான் விளக்கக் கடிதத்தில் "வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் உள்ளது" என்று எழுதிக் கொடுத்தேன். முட்டை அடிக்கிற மெஷின் என்று அவர்களாகவே முடிவு கட்டி, பாவம் மனுஷன், பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை, தானே சமைக்கிறார் என்று எல்லாரும் சேர்ந்து புதிதாக ஒன்று வாங்கிப் பரிசாகக் கொடுத்தார்கள். அது இப்போதும் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உங்கள் தங்கை அன்றைக்குச் சிரித்தாள். வியாதி வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு நாள்தான். நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. அதே மாதிரி ஊதாவில் இன்னொன்று வரவழைத்தேன். துணைவர் உதவலாம் என்று தாளில் இருக்கிறதே, உதவுவோம் என்று ஒரு ரெஜிஸ்டர் போட்டேன். தேதி, நேரம், குழாயின் அளவு, எத்தனை நிமிஷம், கழுவியவர், சரிபார்த்தவர். குளியலறைக் கதவில் ஆணியடித்து, பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அவள் உள்ளே இருக்கும்போது நான் வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து கடிகாரம் பார்ப்பேன். "எட்டு நிமிஷம் ஆச்சு, இன்னும் ரெண்டு," என்பேன். கையுறை போட்டுக்கொண்டு வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு கழுவி, கையொப்பம் இடுவேன். ரேடியோ நின்றுபோயிற்று. ஒரு நாள் அவள் கதவைத் திறந்து, தலைகுனிந்து, "நான் என்ன உங்க ஆஸ்பத்திரிக் கத்திரிக்கோலாங்க?" என்று கேட்டாள். நான் கையுறையைக் கழற்றாமலே, "ஒழுங்கா கழுவலேன்னா தொத்து வரும்," என்றேன்.

பிறகு நடந்தது மகாபாதகம். சோப்பில் திருப்தி இல்லாமல் எங்கள் பிரிவில் கருவி ஊறவைக்கிற திரவத்தை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, அவளுக்குத் தெரியாமல் இராத்திரி முழுக்க அதில் எல்லாவற்றையும் ஊறப்போட்டேன். சிலிக்கான் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறவன் நான். காலையில் அவசரத்தில் அலசினேன், போதுமான அளவு அலசவில்லை. கதிர்வீச்சில் வெந்த இடம் அக்கா அது. அவள் கத்தவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீரைத் திறந்துவிட்ட சத்தம் மட்டும் கேட்டது, அரை மணி நேரம். நான் முக்காலியில் உட்கார்ந்து ரெஜிஸ்டரில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா களிம்பு கொடுத்து, புண் ஆற ஒரு வாரம் விட்டுவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னார். என்னைப் பார்த்து, "உங்களை யாருங்க இதுக்குள்ள வரச் சொன்னது?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கை துணிகளை மடித்து வைத்தாள். "அக்கா வீட்டுக்குப் போறேன். பதினோரு மாசமா என் விரலைக்கூட நீங்க தொடலை. என்னைப் பாத்தா உங்களுக்கு அருவருப்பா இருக்கு, அதை மட்டும் சொல்லிடுங்க, நான் திரும்பி வரலை," என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் போய்விட்டாள்.

அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லித் தொலைக்கிறேன். வியாதி என்னவென்று தெரிந்த அன்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இது பெரும்பாலும் ஒரு வைரஸால் வருவது, உடலுறவில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது, உள்ளே போய் இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகு தலைகாட்டும் என்றார். அதற்கப்புறமும் ஏதோ பேசினார். எனக்குக் காது அடைத்துவிட்டது. நான் கல்யாணத்துக்கு முன்னால் வேலைப் பயிற்சிக்குப் போயிருந்த ஊரில் நான்கு மாதம் ஒரு பெண்ணோடு பழகியிருக்கிறேன். இதுவரை யாருக்கும் தெரியாது. ஊர்க் கருவிகளையெல்லாம் சுத்தம் பண்ணிக் கொடுத்தவன், என் வீட்டுக்குள் என்னத்தைக் கொண்டுவந்து சேர்த்தேன் பாருங்கள். அன்றிலிருந்து முன்னறையில் தனியாகப் படுக்கிறேன், இருமல் என்று அவளிடம் பொய் சொல்லி. என் தட்டு, என் தம்ளர் எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன். அவளிடம் மாத்திரை கொடுக்கும்போதும் கையுறைதான். எனக்கு அருவருப்பு அவள்மேல் இல்லை அக்கா. என்மேல்தான். இந்த வீட்டில் எத்தனை டிகிரியில் வைத்தாலும் சுத்தமாகாத உருப்படி நான் ஒருவன்தான்.

ஆகவே பார்சல். புதுக் குழாய்கள், புது ஊதா, புது ஜெல், புதுத் துணிப்பை. எதிலும் என் கை படவில்லை, கடைக்காரர் மூடிக் கொடுத்தபடியே இருக்கிறது. சோப்பு மட்டும் போதும் என்று அவளிடம் சொல்லுங்கள். ரெஜிஸ்டரைக் கிழித்துவிட்டேன் என்றும் சொல்லுங்கள். புதன்கிழமை அவளை நீங்களே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், நான் அன்றைக்கு வேலையில் இருப்பேன், எதிரில் வர மாட்டேன். நான் எழுதியதை அவளிடம் காட்ட வேண்டாம். அவள் நன்றாக இருந்தால் போதும், திரும்பி வராவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். சகலைக்கு என் அன்பு. உங்கள் குடும்பத்தில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்புக்குத் தகுதியில்லாத,
தங்கை கணவன்

பி.கு.: அக்கா, இது நான், உன் தங்கை. கையெழுத்தைப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும். பையை எடுத்துட்டுப் போகலாம்னு காலை பஸ்ல வந்தேன், உன்கிட்ட கடைக்குன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன், திட்டாதே. வீடு திறந்து கிடக்கு. பார்சலுக்கு ஒட்டற டேப் வாங்கப் போயிருக்கார்னு நினைக்கிறேன், மேஜை மேல இந்தக் கடிதம் மூடாம இருந்துது. முழுசாப் படிச்சுட்டேன். ரெஜிஸ்டரைக் கிழிக்கலை, பொய். ஆணியிலயேதான் தொங்குது, நான் போனதுலேருந்து ஒவ்வொரு நாளுக்கும் கட்டம் போட்டுக் காலியா விட்டு வச்சிருக்கார்.

டாக்டர் அப்புறம் பேசினது இவர் காதுல விழலையாம். என் காதுல விழுந்துது. தட்டுலயும் தம்ளர்லயும் இது தொத்தாது, நீங்க ரெண்டு பேரும் எப்பவும்போல இருக்கலாம்னார். இது யார்கிட்டேருந்து யாருக்கு வந்துதுன்னு எந்தப் பரிசோதனையாலயும் சொல்ல முடியாது, ரெண்டு பேர்ல யாரும் யாரையும் குத்தம் சொல்லக் கூடாதுன்னும் சொன்னார். அப்ப நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஏன்னு உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி டைப்ரைட்டிங் கிளாஸ்ல பக்கத்து மெஷின்ல உக்காந்தவர்கிட்டேருந்து எனக்கு வந்த கடிதத்தையெல்லாம் யாருக்கும் தெரியாம கொண்டுவந்து கொடுத்தவ நீதானே. அவரோட நான் எத்தனை நாள் எங்க போனேன்னு இந்த உலகத்துல தெரிஞ்ச ஒரே ஆளும் நீதான். பதினோரு மாசமா இவருக்கு அது தெரிஞ்சு போச்சு, அதனாலதான் என்னைத் தொட மாட்டேங்கறார்னு நினைச்சு நான் செத்துக்கிட்டு இருந்தேன். இவர் என்னடான்னா மொத்தப் பழியையும் தானே சுமந்துக்கிட்டு முக்காலியில உக்காந்திருக்கார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்கிட்ட வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம்.

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேராது. எதையும் ஒட்டறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை சரிபாக்கற ஆள் அவர், வந்ததும் படிப்பார். படிச்சுட்டு என்ன பண்ணுவாரோ எனக்குத் தெரியலை. பார்சலை நானே பிரிச்சுட்டேன். சோப்பு போட்டுக் கழுவி எடுத்துக்கிட்டு உள்ளே போறேன். முக்காலியைத் தூக்கி வாசல்ல போட்டுட்டேன். குளியலறைக் கதவைத் தாழ் போடலை.